மூன்றடித் தொட்டிக்கு ஒரு ஜோடி

திருமயம்
02.06.2025

கடல்மீன் பண்ணை உரிமையாளர் தேவிப்ரியா அவர்களுக்கு,

வணக்கம். திருமயத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் வெற்றிசெல்வன் எழுதுகிறேன். பத்து நாட்களாக உங்கள் எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன். ஒரு மணி அடித்ததும் கட்டாகிறது. வாட்ஸ்அப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. அதனால்தான் மணமேல்குடி பஸ் கண்டக்டர் பெரியண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். "நம்ம தங்கச்சிதானே, கையிலயே குடுத்துர்றேன்" என்றார்.

இது வியாபாரக் கடிதம். நீங்கள் என் சொந்தத் தாய்மாமன் மகள் என்பதற்கும், போன மாதம் நாங்கள் பெண் கேட்டு வந்தபோது உங்கள் வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு நீங்கள் கோபத்தில், "ஒங்க ஊருல ஒரே ஒரு கடல்மீனை ஒரு மாசம் உசுரோட வச்சுக் காட்டுங்க, அப்பறம் எங்கிட்டப் பேச வாங்க" என்று சொன்னீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. தொட்டி மட்டும் வாங்கிவிட்டேன்.

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பம்பு, தண்ணீரைக் குளிர்விக்கச் சின்னக் காற்றாடி, கரண்ட் போனால் ஓட பேட்டரி எல்லாம் நானே செய்துவிட்டேன். இனி மீன்தான் பாக்கி. கோமாளி மீன் ஒரு ஜோடி வேண்டும். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே வயதாக இருக்க வேண்டும். சிங்க மீன் ஒன்று, மஞ்சள் வால் உள்ள நீல மீன் இரண்டு, கிளாத்தி ஒன்று. நடுவில் வைக்க உயிருள்ள பவளப்பாறை ஒரு தட்டு.

ஜோடி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரெங்கராஜின் பந்தய மாடுகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஜோடி பார்ப்பது நான்தான். நான் சேர்த்த ஜோடி என்றால் அறந்தாங்கி வரைக்கும் பேர் உண்டு.

நான் நலம். நீங்கள் நலமா என்று வியாபாரக் கடிதத்தில் கேட்கலாமா என்று தெரியாததால் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வெ. (வாடிக்கையாளர்)


மணமேல்குடி
05.06.2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியண்ணன் அண்ணன் அதைக் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரைக்கும் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஆரன் அடித்த பிறகுதான் போனார்.

நீங்கள் கேட்டிருக்கும் மீன்களை எல்லாம் ஒரே தொட்டியில் விட்டால் பத்தே நாளில் ஒரு மீன்தான் மிஞ்சும். அது சிங்க மீனாக இருக்கும். அதன் வாய்க்குள் எது நுழைகிறதோ அதெல்லாம் அதற்குச் சாப்பாடு. கிளாத்திக்குப் பல் அதிகம். இறால், சங்கு, உங்கள் பம்பு ஒயர் எதையும் விட்டுவைக்காது. நீல மீன் நாள் பூராவும் ஓடுகிற ஜாதி. ஆறடித் தொட்டியிலேயே அதற்கு மூச்சு முட்டும். பவளப்பாறை பற்றி: உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். நான் தர மாட்டேன். வேறு யாராவது தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். சுட்ட களிமண்ணில் செய்த பாறை இருக்கிறது, அதை அனுப்புகிறேன்.

எல்லோரும் மீனை அழகு பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது அது எவ்வளவு பெரிதாக வளரும், என்ன சாப்பிடும், தொட்டிக்குள் எந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும் என்பதைத்தான். தரையில் இருப்பது ஒன்று, பாறையோடு இருப்பது ஒன்று, நடுத்தண்ணீரில் நிற்பது ஒன்று என்று எடுத்தால் யாரும் யார் வழிக்கும் போக மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் தண்ணீர். நம் கரையோரத் தண்ணீர் கலங்கல் என்பதால் உள்ளே போய் எடுத்து வடிகட்டியது எட்டு கேன் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதம் மீன் இல்லாமல் பம்பை ஓடவிடுங்கள். மீன் கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பிடிக்க அவ்வளவு நாள் ஆகும். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வியாபாரம் முடிந்தது. நீங்களே அன்று நடந்ததைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். பதினேழு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் காபித் தட்டோடு நிற்க, உங்கள் அம்மா, "என்னப்பா வெற்றி, பேசி முடிச்சிருவோமா?" என்று கேட்க, நீங்கள் சொன்னது இது: "ஜோடி சேராதும்மா. அது பெரிய மாடு." என் எடை ஐம்பத்தெட்டு கிலோ. அன்றிலிருந்து எங்கள் தெருவில் என்னைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் "ம்மா" என்கிறார்கள்.

ஆவணி பிறந்ததும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு வரனை அப்பா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதால் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தேவிப்ரியா (உரிமையாளர்)


திருமயம்
11.06.2025

பிரியா,

நீங்கள் நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி என்னால் முடியாது.

நான் சொன்னதில் பாதியைத்தான் நீ கேட்டாய். மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. பெரிய மாடுதான் முதல் தரம். அதன் பந்தயத்தைப் பார்க்கத்தான் கூட்டமே வரும். பூஞ்சிட்டு கடைசிப் பிரிவு. பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே நுகத்தடியில் பூட்ட மாட்டார்கள். நுகத்தடி சாயும், சின்ன மாட்டின் கழுத்து புண்ணாகிப் போகும். நான் சொல்ல வந்தது, "அது பெரிய மாடு, நான் பூஞ்சிட்டு." "மாடு" என்றதுமே நீ தட்டைக் கீழே போட்டுவிட்டாய். பூஞ்சிட்டு அந்தச் சத்தத்தில் காணாமல் போய்விட்டது.

நீ மீன்வளத்தில் முதுகலை. உன் மீன்குஞ்சுக்காக ஐந்து ஊரிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நான் ஐ.டி.ஐ. என் கையில் எப்போதும் வார்னிஷ் வாடை. அதைத்தான் சொன்னேன். நாக்குக்குத் தெரிந்தது மாட்டுக் கணக்கு மட்டும்தான். தெருப்பிள்ளைகள் விஷயத்துக்கு மனதார வருந்துகிறேன்.

சோப்புப் போடவில்லை. உன் களிமண் பாறை பார்க்கச் சப்பையாக இருந்ததால் எங்கள் ஊர் செம்பராங்கல் நான்கு துண்டும் சேர்த்து வைத்தேன். எடுப்பாக இருக்கிறது. வெயிலில் தினமும் இரண்டு விரல் தண்ணீர் வற்றுகிறது. வற்ற வற்ற மிச்சமிருந்த கேனிலிருந்து கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பிவிடுகிறேன், கவலைப்படாதே.

அந்தச் சிங்கப்பூர்க்காரருக்கு என்ன வேலை? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வெற்றி


மணமேல்குடி
14.06.2025

கவலைப்படாதே என்று எழுதியவருக்கு,

கவலைப்படும்படிதான் செய்து வைத்திருக்கிறீர்கள். வற்றுவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். மேலே மேலே கடல் தண்ணீரை ஊற்றினால் ஒரு மாதத்தில் அதில் மீன் வளர்க்க முடியாது, கருவாடுதான் போடலாம். வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு பார்க்கும் கருவி இந்தப் பெட்டியில் இருக்கிறது. செம்பராங்கல்லை இப்போதே வெளியே எடுங்கள். அதில் இருப்பதெல்லாம் இரும்பு. தண்ணீரில் இறங்கினால் பாசிதான் செழிக்கும்.

பந்தயப் பிரிவுகளை விசாரித்தேன். பண்ணையில் என்னோடு வேலை செய்யும் காத்தாயி அக்கா சிரித்துச் சிரித்து மீன் தீனியைக் கொட்டிவிட்டார். "அட, அந்தத் தம்பி ஒன்னைய ஒசத்தியாத்தான் சொல்லியிருக்காரு. நம்மாளுக்குப் பேசத் தெரியலை, அம்புட்டுத்தான்" என்றார். பூஞ்சிட்டு என்ற சொல்லை நான் அன்று கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. என்னை உயரத்தில் தூக்கி வைத்துவிட்டு, அதனாலேயே வேண்டாம் என்று சொன்னதும் அவமானம்தான்.

உங்கள் தொட்டிக்கு நான் தருவது நான்கே மீன்கள். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இரண்டு, தரையில் மணலைச் சலித்துக்கொண்டிருக்கும் சின்ன உளுவை ஒன்று, வால் தீ நிறத்தில் இருக்கும், நடுத்தண்ணீரில் நிற்கும் தீவால் மீன் ஒன்று. கடைசி மீன் பயந்தால் எகிறிக் குதிக்கும். கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடி செய்துவையுங்கள். கோமாளி மீனில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாகத்தான் அனுப்புவேன். அதுதான் ஜோடி. ஜூலை பத்துக்குப் பிறகு.

அவர் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். சும்மா தெரிந்துகொண்டாயிற்றா?

தேவிப்ரியா


திருமயம்
08.07.2025

பிரியா,

திட்டுவதாக இருந்தால் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று நீ எழுதியதைப் படித்ததும், விற்காமல் தங்கிப்போனதை என் தலையில் கட்டுகிறாய் என்று நினைத்துவிட்டேன். ஜோடி என்றால் சமமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பத்து வயதிலிருந்து அப்பா சொல்லிக்கொடுத்தது. அதுவும் போக, சூப்பர்வைசர் என்று படித்த நாளிலிருந்து எனக்கு நிதானம் இல்லை. சனிக்கிழமை திருச்சிக்குப் போய், இருந்த இருபது கோமாளி மீனையும் கண்ணாடி வழியாக அளந்து, அச்சு வார்த்த மாதிரி இரண்டைப் பொறுக்கி எடுத்து வந்தேன். இரண்டும் நல்ல பெரிசு. வரியைக்கூட எண்ணிப் பார்த்தேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "எனக்கு ஜோடி பாக்கத் தெரியும்ணே" என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் ஒன்றையொன்று முறைத்தன. இரண்டாம் நாள் முட்டிக்கொண்டன. இன்று காலை ஒன்றின் வால் கிழிந்து, பம்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே தலை காட்டினால் மற்றது பாய்ந்து வருகிறது. அம்மா காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து அதற்குள் அடிபட்டதைப் போட்டு மிதக்கவிட்டிருக்கிறார். "ஒரே மாதிரி ரெண்டு பேரு ஒரு வீட்டுல இருந்தா வெளங்குமாடா? ஒங்க அப்பாவும் நானும் ஒரே மாதிரியாவா இருக்கோம்?" என்று வேறு கேட்டார்.

எனக்குக் கை ஓடவில்லை. அந்தக் கிழிந்த வாலைப் பார்க்கச் சகிக்கவில்லை பிரியா. என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் சொல்.

வெற்றி


மணமேல்குடி
09.07.2025

வெற்றி அத்தான்,

பெரியண்ணன் அண்ணன் திரும்பும் வண்டியிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன். திட்டப் போவதில்லை, நேரமில்லை.

அடிபட்டதை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் காற்றுமாக இரட்டைப் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து நாளைக் காலை முதல் பஸ்ஸில் அனுப்புங்கள். இங்கே தேற்றிவிடலாம். வால் வளர்ந்துவிடும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண்தான். கூட்டத்தில் எது பெரிசாக வளருகிறதோ அது பெண்ணாக மாறிவிடும். அதற்கு அடுத்ததுதான் அதன் புருஷன். அதனால்தான் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. சரிக்குச் சரியாக இரண்டைச் சேர்த்து விட்டால் யார் பெரியவர் என்ற பேச்சு முடியவே முடியாது. நீங்கள் திருச்சியில் பொறுக்கி எடுத்தது ஜோடி இல்லை, இரண்டு மகாராணிகள்.

இந்தப் பெட்டியில் சின்னது ஒன்று அனுப்புகிறேன். உங்களிடம் இருப்பதில் பாதிதான் இருக்கும். அத்தையின் கூடைக்குள்ளேயே இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பிறகு திறந்துவிடுங்கள். உளுவையும் தீவால் மீனும் உடன் வருகின்றன. கொசுவலை மூடி போட்டாயிற்றா?

பிரியா


திருமயம்
27.07.2025

பிரியா,

மூடி போட்டாயிற்று. தீவால் மீன் இரண்டு முறை எகிறி வலையில் இடித்துக்கொண்டது. அந்த வலை இல்லாவிட்டால் கடைத்தரையில்தான் கிடந்திருக்கும். உளுவை ஓயாமல் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகக் கொட்டுகிறது. சித்தாள் வேலை. யாரையும் அது கண்டுகொள்வதில்லை.

சின்னக் கோமாளியைத் திறந்துவிட்டபோது கடையில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். அப்பாவும் வந்திருந்தார். பெரிசு நேராகச் சின்னதைப் பார்த்து வந்தது. நான் கூடையைக் கையில் எடுத்தேன். சின்னது ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பை வெடவெட என்று உதறியது. "என்னடா இது, புதுசு நடுங்குது, காய்ச்சலா?" என்றார் அப்பா. பெரிசு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டது. அவ்வளவுதான். அன்று சாயங்காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தீனி தின்றன. இப்போது களிமண் பாறையின் பொந்துக்குள் ஒன்றாகத்தான் தூங்குகின்றன.

பதினைந்து நாளாக, காயில் கட்டும் நேரம் போக, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சின்ன மீனுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. வயிறு நிறையத் தின்கிறது, பெரிசோடு சுற்றுகிறது. கழுத்து புண்ணாகவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் வேண்டாம் என்றது உன்னால் இல்லை, பயத்தால். உன்னைக் கல்யாணம் செய்துகொண்டால், என் சிநேகிதர்கள் இருக்கும் இடத்தில், "பொண்டாட்டிதான் பெரிய ஆளு, இவரு சும்மா" என்று யாராவது சொல்வார்கள், அது எனக்குத் தாங்காது என்று பயந்தேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு உன்னைப் பிடிக்கும். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து பிடிக்கும். ஆவணிக்கு இன்னும் இருபத்தொரு நாள்தான் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

வெற்றி


மணமேல்குடி
02.08.2025

அத்தான்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில் ஒன்று. மீனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது மீன். பெரிசுக்குப் பணிந்துபோகத்தான் சின்னது அப்படி உதறும்; நீங்கள் என் முன்னால் உடம்பை உதறிக்கொண்டு நிற்க வேண்டாம். எனக்குப் பேசத்தான் ஆள் வேண்டும்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. வைகாசியில் உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தீர்களே, வரச் சொன்னதே நான்தான். உங்கள் அம்மா பிரகதாம்பாள் அத்தைக்கு நானே போன் போட்டு, "அத்தே, எனக்கு அத்தானைத்தான் பிடிச்சிருக்கு, வந்து கேளுங்க" என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டுக் காபித் தட்டோடு வந்து நின்றவளிடம்தான் நீங்கள் ஜோடி சேராது என்றீர்கள். அன்று மாட்டுக்காக நான் அழவில்லை. நீங்கள் வேண்டாம் என்றதற்காக அழுதேன். இரண்டு நாள் குஞ்சு மீன்களுக்குத் தீனி வைக்கக்கூடப் போகவில்லை.

சிங்கப்பூர்க்காரர் நல்ல மாதிரிதான். போனில் பேசினார். "கல்யாணத்துக்குப் பிறகு பண்ணையை யாருக்காவது கொடுத்துவிடலாம், இங்கே உங்களுக்கு ஆபீஸ் வேலை வாங்கலாம்" என்றார். முட்டையிலிருந்து இதுவரைக்கும் பதினோராயிரம் குஞ்சு எடுத்திருக்கிறேன் அத்தான். யாருக்கு எதைக் கொடுப்பது? அப்பாவிடம் இந்த வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டதை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள் என்பதுதான் என் பயம். திருமயத்தில் கடல் இல்லை. நான் அங்கே வந்தால் என் வேலை உங்கள் மூன்றடித் தொட்டியோடு முடிந்துபோகும். நான் மணமேல்குடியை விட்டு வர முடியாது. என்னைப் பிடிக்கும் என்று எழுதியது போதாது. இங்கிட்டு வந்து இருப்பீர்களா? பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டான் என்று உங்கள் சிநேகிதர்கள் சொல்வார்கள். உங்கள் அப்பாவும் சொல்வார். நன்றாக யோசித்து எழுதுங்கள். அவசரப்பட்டு ஆமாம் என்று எழுதினால் அதுவும் எனக்கு வேண்டாம்.

பிரியா


திருமயம்
12.08.2025

பிரியா,

பத்து நாள் யோசித்தேன். இதில் நான்கு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. அதையும் சேர்த்துத்தான் பத்து நாள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். "வீட்டோட மாப்பிள்ளையா போகப் போறியா?" என்று ஒரே கேள்விதான். வீட்டோடு இல்லை, தனி வீடு பிடிப்பேன், கடையும் அங்கேயே போடுவேன் என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாள் கடைக்கு வந்து தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்த இரண்டு மீனையும் பார்த்தார். அப்புறம், "அங்கிட்டு படகு எத்தனை இருக்கும்?" என்றார். நானூறு இருக்கும் என்றேன். "அப்ப நானூறு மோட்டாரு. போடா, போயிப் பொழைச்சுக்க. பந்தயத்துக்கு மட்டும் வந்துரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கேட்டால் வெயில் என்பார்.

எனக்கும் வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கடையை ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் வைத்துத் தொடங்கினேன். ஆனால் காயில் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சுற்றும். உன் வேலை கடல் இருக்கிற இடத்தில்தான் நடக்கும். போகக்கூடியவன் போவதுதானே நியாயம். பயத்தில் எழுதவில்லை, அவசரத்திலும் எழுதவில்லை. வருகிறேன்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து மறுபடி பெண் கேட்டு வரலாமா? மாமாவிடம் கேட்டுச் சொல். இந்த முறை நான் வாயே திறக்க மாட்டேன்.

வெற்றி


மணமேல்குடி
25.08.2025

அத்தான்,

பெண் கேட்டு வர வேண்டாம்.

பதறாதீர்கள், மேலே படியுங்கள். உங்கள் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, பொண்ணு பாக்குறதுன்னா என்ன? பொறந்த வீட்டை விட்டுட்டு வரப்போறவங்களை, வீட்டுக்காரங்க போயிப் பாத்துட்டு வாரது. இப்ப வீட்டை விட்டுட்டு வரப்போறது யாரு?" என்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆகவே முறைப்படி வருகிற வெள்ளிக்கிழமை, 29ஆம் தேதி, காலை ஒன்பதரைக்கு மேல் நாங்கள் திருமயத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறோம். அப்பா, அம்மா, காத்தாயி அக்கா, நான். பெரியண்ணன் அண்ணன் அன்று லீவு போட்டுவிட்டுத் தானும் வருவதாகச் சொல்கிறார். இத்தனை கடிதம் சுமந்தவர், வேண்டாம் என்று சொல்ல மனது வரவில்லை.

மாப்பிள்ளை அடக்கமாக உள்ளேயிருந்து காபித் தட்டை எடுத்து வர வேண்டும். பாடச் சொல்ல மாட்டோம். நடக்கச் சொல்லிப் பார்ப்போம்.

பிரியா


திருமயம்
27.08.2025

பிரியா,

இன்று பிள்ளையார் சதுர்த்தி, கடை லீவு. கொழுக்கட்டை தின்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், அம்மா என்னைக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறார். கையில் தட்டு, தட்டில் ஆறு டம்ளர் தண்ணீர். "தலையை நிமிந்து பாக்காதடா, மொதல்ல பெரியவுகளுக்கு நீட்டு" என்கிறார். காலையிலிருந்து இரண்டு டம்ளர் விழுந்துவிட்டது. நீங்கள் எல்லாம் இதை எப்படித்தான் செய்கிறீர்கள்? அன்றைக்கு நீ தட்டோடு நின்றபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. என்னை மன்னித்துவிடு.

அப்பா ரொம்பக் குஷியில் இருக்கிறார். மாமா ஏதாவது கேட்டால் பையனைப் பற்றி என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார். "பையன் கைவேலை சுத்தம், அதிர்ந்து பேச மாட்டான், சுழி சுத்தம்" என்று சொல்லிப் பார்த்தார். சுழி மாட்டுக்குப் பார்ப்பது, அதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா அதட்டினார்.

ஒன்று கேட்கிறேன். ஒருவேளை என்னைப் பிடிக்காமல் போனால்?

வெற்றி


மணமேல்குடி
30.08.2025

அத்தான்,

நேற்று உங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. தட்டு கொஞ்சம் ஆடியது, காபி பாதி தட்டிலேயே இருந்தது, ஆனாலும் ஒரு டம்ளர்கூட விழவில்லை. நீங்கள் தலை நிமிரவே இல்லை. காத்தாயி அக்கா, "மாப்பிள்ளை ரொம்பக் கூச்சம்" என்று என் காதில் சொன்னார். உங்கள் காது இரண்டும் சிவந்து போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுந்து புறப்படும்போது உங்கள் அப்பா அம்மா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கேயே சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டே, பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் சொல்வதைக் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "ஊருக்குப் போயி, கலந்து பேசிட்டு, லெட்டர் போடுறோங்க." நீங்கள் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஊருக்கு வந்துவிட்டோம். கலந்து பேசிவிட்டோம். இதுதான் அந்த லெட்டர்.

மாப்பிள்ளையை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பிரியா